ரோடுதான் சரியில்லை, சிஸ்டர்

“இதோ ஆச்சு, சிஸ்டர்” என்கிறார் மானோல் மேஸ்திரி, என் வண்டிக்கடியில் மல்லாந்தபடி. வெளியே தெரிவது இரண்டு பூட்ஸ் மட்டும். சனிக்கிழமையிலிருந்து நான் இந்தப் பூட்ஸோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன், இன்று செவ்வாய். ‘இதோ ஆச்சு’ என்பது அவர் கணக்கில் இன்று மாலையாகவும் இருக்கலாம், உருளைக்கிழங்கு தோண்டும் பருவமாகவும் இருக்கலாம். எங்கள் மலைக்கிராமமான கீழ் லிபாவில் அவரை விட்டால் வேறு மெக்கானிக் கிடையாது. அது அவருக்கும் நன்றாகவே தெரியும்.

ஐம்பத்தெட்டு வயது. ஊர்க் கூட்டுறவுப் பால் நிலையமாக இருந்த கொட்டகைதான் பட்டறை. மழை நாளில் அங்கே இன்னும் புளித்த பால் வாடை வரும். வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை. தோலைத் துப்புவதற்கென்று ஒரு சக்கர மூடியைக் கவிழ்க்காமல் வைத்திருக்கிறார், ஆனால் அதில் துப்பி நான் பார்த்ததில்லை. மீசை ஒன்று உண்டு, அதன் வலது பாதி கிரீஸ் பட்டுப் பட்டு இடது பாதியைவிடக் கறுப்பாக இருக்கும். என் போன்ற நர்ஸ் கண்ணுக்கு அந்தக் கைகளைப் பார்த்தாலே பதறும். வெட்டுப்பட்டால் ரக்கியா சாராயத்தை ஊற்றுவார், மிச்சத்தைக் குடிப்பார்.

புதுச் சாமான் என்றால் அவருக்கு ஆகாது. வண்டி கிளம்பும்போது அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் என்று சொல்லித்தான் போனேன். காதில் ஒரு நீளத் திருப்புளியை வைத்துக் கேட்டுவிட்டு, பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீள ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது, அதன் இரு முனையிலும் மூட்டுப் போலத் திரும்பும் சிலுவை இணைப்பு, கிராஸ், ஆடுகிறது என்றார். முழு ஷாஃப்டையும் புதிதாக வரவழைத்துவிடலாமே என்றேன். என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் போலப் பார்த்தார்.

“நல்ல குழாயைத் தூக்கிப் போடச் சொல்றீங்களா? பல்லு ஆடினா தாடையையே மாத்துவீங்களா நீங்க? ரெண்டு கிராஸ் போட்டா இன்னும் இருபது வருஷம் ஓடும். புதுசு வாங்கறவன் சோம்பேறி, சிஸ்டர்.”

எனக்கு இருபது வருஷம் வேண்டாம். எனக்குப் புதன்கிழமை வேண்டும். மேல் லிபாவில் வீதான் இருக்கிறார், ஆடு மேய்க்கிறவர், ஒற்றை ஆள். சர்க்கரை நோயில் ஏற்கெனவே இரண்டு கால்விரல் போய்விட்டது, மூன்றாவது விரலடியில் புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும், ஒரு கட்டு தவறினாலும் பாதத்துக்கு நான் பொறுப்பில்லை என்று ஸ்மோலியான் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியனுப்பியிருக்கிறார். ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம், நிழல் பக்கம் பனி இன்னும் கரையவில்லை. நாலு சக்கரமும் இழுத்தால்தான் வண்டி ஏறும். சனிக்கிழமை கட்டியாயிற்று, திங்கட்கிழமை மரம் ஏற்றும் லாரியில் போய் வந்தேன். புதன் மங்கள வார்த்தைத் திருநாள், மரியாளிடம் தேவதூதன் வந்த நாள். அன்றைக்கு லாரியும் ஓடாது, ஊரில் ஒருவரும் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். இதையெல்லாம் மேஸ்திரிக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

ஒன்றுக்குள் ஒன்று பல்பல்லாகச் சொருகிய இரண்டு துண்டுதான் ஷாஃப்ட். அதைக் கழற்றுமுன் எல்லோரும் இரு முனையிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். முன்பு எப்படி ஒன்றுக்கொன்று நேராக நின்றதோ அப்படியே திரும்பப் பூட்ட வேண்டும், ஒரு பல் தப்பினாலும் ஓட்டத்தில் ஷாஃப்ட் உதறும். மானோல் பெயிண்ட் தொட மாட்டார். “பெயிண்ட் பெட்ரோல்ல கழுவினா போயிடும். முடிச்சு போகாது” என்று மார்ச் பிறந்ததும் ஊரில் எல்லோரும் கட்டிக்கொள்ளும் மார்ச் நூலைத் தன் மணிக்கட்டிலிருந்து அவிழ்த்து, சிவப்பும் வெள்ளையுமான அந்த நூலை இரண்டாக அறுத்து, முனைக்கொரு துண்டாக இரு முனைத் துளைகளிலும் கட்டினார். இரண்டு முடிச்சும் ஒரே பக்கம் பார்த்தால் சரி. கெட்டிக்காரத்தனம்தான், நானே தலையாட்டினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் கிராஸ் வாங்க ஸ்மோலியான் போயிருந்தார். நான் மேலிருந்து இறங்கி வந்து அவர் வீட்டு வாசலில் அவர் மனைவி ஸ்தோய்னா கொடுத்த தயிரைக் குடித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் கம்பத்து உச்சியில், போன வருஷக் கூட்டில், நாரை வந்து இறங்கியது. இந்த வருஷத்தின் முதல் நாரை. ஸ்தோய்னா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். முதல் நாரையைக் கண்டதும் மார்ச் நூலை அவிழ்த்துப் பூத்த மரத்தில் கட்டிவிட வேண்டும், கட்டாமல் விட்டால் வருஷம் விளங்காது. தன் கையிலிருந்ததை அவிழ்த்தாள். ஆட்டுக்குட்டிகளின் கழுத்திலிருந்ததை அவிழ்த்தாள். நானும் மணிக்கட்டை நீட்டினேன். பிறகு, “அந்த மனுஷன் இரும்புக்குக்கூடக் கட்டி வெச்சிருக்கான் பாரு” என்று சிரித்துக்கொண்டே பட்டறைக்குள் போனாள். நான் தயிர்க் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மாலை மானோல் வந்து மேஜையைப் பார்த்தார். ஷாஃப்ட் இருந்தது, நூல் இல்லை. நேராகப் பிளம் மரத்தடிக்குப் போய், பூவுக்கு நடுவே தொங்கும் நூல்களை ஏதோ அவை சாட்சி சொல்லப்போவதுபோல அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

“யோவ், நாரை வந்துடுச்சுய்யா” என்றாள் ஸ்தோய்னா. “நான் என்ன பண்ணட்டும்? வருஷம் பூரா துரதிர்ஷ்டத்தை வீட்ல வெச்சுக்கச் சொல்றியா?”

“இல்லடி. சரியாத்தான் பண்ணினே” என்றார் அவர். அவளைத் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என் பக்கம் திரும்பி, “கவலைப்படாதீங்க சிஸ்டர். முப்பத்தோரு வருஷமா ஒரு ஷாஃப்டை நான் ரெண்டு தடவை கழட்டினதில்ல. கைக்குத் தெரியும்” என்றார்.

இன்று காலை முழுக்க அந்தக் கையைப் பார்த்தேன். அழகாகத்தான் வேலை செய்கிறது. புதுக் கிராஸின் கிண்ணத்துக்குள் முடி கனத்தில் ஊசி ஊசியாக உருளைகள், கிரீஸில் ஒட்டி நிற்கும். ஒன்று சாய்ந்தாலும் கிண்ணம் முழுசாக இறங்காது, அதைப் பிடித்து நிறுத்தும் லாக் வளையம் விழாது. ஒன்று சாய்ந்தது. “எங்கேடி படுக்கறே? எழுந்திரு, ராணி” என்று கொஞ்சி, குண்டூசியால் நிமிர்த்தி, வைஸில் வைத்து அழுத்தி, லாக்கைத் தட்டி உட்கார வைத்தார். எல்லாம் கச்சிதம். கடைசியில் இரு முனையையும் பார்த்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, மீசையைத் தடவி, சொருகினார். அந்தத் தடவல் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தா, இப்போது பூட்ஸ் வெளியே வருகிறது.

மாலை ஓட்டிப் பார்த்தோம். ‘டொக்’ சத்தம் போய்விட்டது. ஆனால் நாற்பதைத் தொட்டதும் இருக்கை நடுங்கியது, ஸ்டியரிங் நடுங்கியது, என் கடைவாய்ப்பல்லில் போட்ட சிமெண்டும் நடுங்கியது.

“உதறுது, மேஸ்திரி.”

“ரோடுதான் சரியில்லை, சிஸ்டர்.”

“இந்த ரோட்லதான் பதினோரு வருஷமா ஓட்டறேன்!”

“அதான் சொல்றேன். தேஞ்சு போச்சு.”

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். நான் கத்தினேன். ஒரு பல் தள்ளிப் போட்டுவிட்டீர்கள், ஒத்துக்கொள்ளுங்கள், கழற்றி மாற்றுங்கள் என்றேன். வீதானின் பாதத்தைப் பற்றி நாலாவது முறையாகச் சொன்னேன். கோபத்தில் எனக்கு அழுகையே வந்தது. அவர் விதையைக் கடித்துக்கொண்டு, “ரோடு காய்ஞ்சா சரியாயிடும்” என்றார். ஸ்தோய்னா வேறு உள்ளேயிருந்து, “பொழுது விழுந்தாச்சு, பண்டிகை தொடங்கிடுச்சு. இனிமே நாளைக்கு ராத்திரி வரைக்கும் என் வீட்ல யாரும் ஸ்பானரைத் தொடக் கூடாது” என்று குரல் கொடுத்தாள். அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

புதன் காலை. கோயிலிலிருந்து அவர் நல்ல கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக வரும்போது வாசலிலேயே மடக்கினேன்.

“ரோடுதானே? நீங்களே வந்து உக்காந்து பாருங்க.”

மறுப்பார் என்று நினைத்தேன். “வீட்ல மேல்துண்டு மறந்துட்டேன்” என்று உள்ளே போய் வந்து ஏறிக்கொண்டார்.

வழியெல்லாம் வண்டி உதறியது. பின்னிருக்கையில் மருந்துப் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதி இரைந்தன. அந்தப் பெட்டியைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் “ரோடு” என்றார், ஆனால் முன்பிருந்த சுருதி இல்லை. ஏழாவது கிலோமீட்டரில் அடியிலிருந்து புதிதாக ஒரு முனகல் கேட்டது. இருவரும் அதைக் கேட்டோம். இருபதுக்கு மேல் போகாமல் உருட்டிக்கொண்டு எப்படியோ மேலே சேர்ந்தேன்.

வீதான் காலை ஸ்டூலில் நீட்டித் தயாராக இருந்தார். “வாங்க சிஸ்டர். இன்னிக்குக் கட்டினா எந்தப் புண்ணும் ஆறிடும்னு சொல்லுவாங்க, அதான் பொம்பளப் பிள்ளைங்களுக்கு இன்னிக்குக் காது குத்தறாங்க.” பின்னால் நின்றவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “அடே, மேஸ்திரியா! என் கால்லயும் கிராஸ் போயிடுச்சுய்யா. முழுசா மாத்தணும்ங்கறான் டாக்டர். சோம்பேறிப் பய.”

மானோல் சிரிக்கவில்லை. நான் பழைய கட்டைப் பிரித்தேன். இரண்டு விரல் இருந்த இடம் வழவழவென்று மூடியிருந்தது. மூன்றாவதன் அடியில் சிவப்பு, ஓரத்தில் மட்டும் புதுத்தோல் எட்டிப் பார்த்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. இன்னும் மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டினால் இந்த விரல் தப்பிவிடும் என்று வீதானிடம் சொன்னேன்.

“வருவீங்கல்ல?” என்றார் வீதான். கிண்டல் எதுவும் இல்லாமல் கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கட்டை முடித்து வெளியே வந்தேன். மானோல் வண்டியருகே நின்று, கோட்டின் உள்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானர்கள் இரண்டு. என்னைப் பார்க்காமல், அந்தப் பண்டிகைக் கோட்டைக் கழற்றி, பட்டுத்துணி உள்பக்கம் மேலே வரும்படி சேற்றுப் பனியில் விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நகர்ந்தார்.