சூசை அண்ணன் வாய் திறக்காத காலம்

போன வாரம் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு பினாங்கு கேம்பல் ஸ்திரீட் வழியாக நடந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு மனிதர் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு உருக்கம். அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி வெள்ளைக்காரர்கள் கூட்டமொன்று, ஒரு வார்த்தை பேசாமல், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தது. யாரோ தவறிவிட்டார்கள் போலிருக்கிறது என்று மரியாதையாக ஒதுங்கி நின்றேன். அருகே வந்த பிறகுதான் எல்லார் காதிலும் ஒரு சின்னக் கருவி இருப்பது தெரிந்தது. முணுமுணுத்தவர் வழிகாட்டி. சட்டைக் காலரில் மைக். தெருவைச் சுற்றிக் காட்டுகிறார், தெருவின் காதில் விழாமல்.

கூட்டத்தின் கடைசியில் வந்த அம்மாள் கொசுக்கடிக்கு ஜாதிக்காய்த் தைலம் பூசியிருந்தார். பினாங்கில் எந்த மூலைக் கடையிலும் கிடைக்கிற தைலம்தான். மற்றவர்களுக்கு அது மூட்டுவலியை நினைவுபடுத்தும். எனக்கு அது சூசை அண்ணனின் கழுத்து.

இப்படிச் சொன்னால் நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள். விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

புக்கிட் தெங்காவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது எனக்கு இருபத்தைந்து வயது. டவுனில் ஹமீது முதலாளியின் பணமாற்றுக் கடைக்கு மேல்மாடியில் ஒரு சுற்றுலா அலுவலகம் இருந்தது. அதுவும் அவருடையதுதான். அங்கே தொலைபேசி எடுக்கவும் தட்டச்சு அடிக்கவும் சேர்ந்தேன். அலுவலகத்தின் ஒரே வழிகாட்டி சூசை அண்ணன். என்னைப் போல அவரும் ஆயர் ஈத்தாம்வாசி. அதே அடுக்குமாடி, அதே மாதா கோயில், அதே பேருந்து.

கடைத்தெருக்களை நடந்தே சுற்றிக் காட்டுவது அவருடைய வேலை. லெபோ பாசார், பினாங்கு ஸ்திரீட், குவீன் ஸ்திரீட், கிங் ஸ்திரீட், சுற்றிக்கொண்டு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வரை. இரண்டு மணி நேர நடை என்று விளம்பரத்தில் போட்டிருந்தோம். இரண்டு மணி நேரத்தில் சூசை அண்ணன் இரண்டு கடைகளைத் தாண்டியிருந்தால் அதிகம். ஒரு மளிகைக் கடை முன்னால் நின்றால், கடைக்காரரின் தாத்தா வந்த கப்பல், அந்தக் கப்பலில் கூட வந்த ஆடு, ஆட்டைத் திருடியவன் பிற்பாடு என்ன ஆனான் என்று போய்க்கொண்டே இருப்பார். ஒருமுறை அவருடைய கூட்டம் திரும்பி வருவதற்குள் அவர்கள் வந்த சுற்றுலாக் கப்பல் சங்கு ஊதிவிட்டது. வெயிலில் ஓடிய பெரியவர்கள் ஊருக்குப் போய்ப் புகார் எழுதினார்கள்.

ஹமீது முதலாளி சத்தம் போடுகிறவர் அல்ல. "சூசை, இன்னொரு கம்ப்ளேன் வந்திச்சுன்னா நீங்க வேற வேலை பாத்துக்குங்க லா" என்றார், தேநீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில். சூசை அண்ணனுக்கு மூன்று பெண்கள், மூன்றும் படித்துக்கொண்டிருந்தன.

அதற்கு அடுத்த கூட்டம் வருகிற நாளில்தான் அவருக்குக் குரல் போனது. முந்தின நாள் கோயில் திருவிழா. சப்பரத்துக்குத் தோள் கொடுத்துக்கொண்டே பாட்டெடுத்துக் கொடுத்தவர் அவர்தான், விடுவாரா. காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். கழுத்து முழுக்க ஜாதிக்காய்த் தைலம், பத்தடி தூரத்திலேயே என் கண் எரிந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"லீவு போடுங்கண்ணே."

என் காதோடு வாய் வைத்து மூச்சாலேயே சொன்னார். "போட்டா வேற ஆளு வந்துருவான். நீ வா தங்கச்சி. நான் காதுல சொல்றேன், நீ இங்கிலீசுல எடுத்து வுடு."

கான்வென்ட்டில் படித்தவள் என்ற திமிர் எனக்கும் கொஞ்சம் இருந்தது. சரி என்றேன்.

நியூசிலாந்துக்காரர்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஹெலன் என்று ஓர் உயரமான அம்மாள். பினாங்கு ஸ்திரீட்டில் அப்போது கேசட் கடைகள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டு அலறும். அந்த அலறலில் சூசை அண்ணன் ஒரு பழைய கட்டடத்தைக் காட்டிக் காதில் ஊதினார். இங்கே அந்தக் காலத்தில் வடைக்கடை இருந்தது, மலாயா முழுக்க இங்கிருந்துதான் போனது, தோட்டம் துரவைக்கூட அடகு வைத்துவிட்டு வாங்கிப் போனார்கள் என்று எனக்குக் கேட்டது. ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளைக்காரர்கள் காத்திருந்தார்கள். அப்படியே மொழிபெயர்த்தேன். வடை என்றால் என்ன என்பதையும், நடுவில் ஓட்டை இருக்கும் என்பதையும் விளக்கினேன். பணக்காரர்கள் தரையில் சம்மணமிட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ரப்பர் தோட்ட முதலாளிகள் பத்திரத்தோடு வந்து வடை வாங்கிப் போவார்கள் என்றேன்.

சூசை அண்ணன் என் கையைப் பிடித்துக் கிள்ளினார். "வட்டிக்கடை" என்றார்.

அதற்குள் ஹெலன், வடையைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் தோட்டம் போய்விடுமா என்று கேட்டார். இல்லை, இல்லை, எல்லாமே தப்பு என்று சூசை அண்ணன் தலையைப் பலமாக ஆட்டினார். நம்மவர்கள் தலையை எப்படி ஆட்டினாலும் அது ஆமாம்தான் என்று அவர்கள் வழிகாட்டி நூலில் படித்திருக்க வேண்டும். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். கொடுமையான காலம் என்றார் ஒருவர்.

அடுத்து சூசை அண்ணன் என் காதில் சொன்னது, "ஓரமா நிக்கச் சொல்லு, லோரி வருது." சொன்னேன். திருப்பத்தில் லாரி வந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து கண்ணாடிக் கடையின் நிலைக்கண்ணாடியில் அது தெரிந்திருக்கும், வேறொன்றுமில்லை. ஆனால் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கொஞ்ச நேரம் கழித்து, "மழை வரும் போல, குடைய எடு" என்றார். பினாங்கில் பிற்பகலில் மழை வரும் என்று சொல்வதற்கு ஞானதிருஷ்டி தேவையில்லை. ஆனால் தூறல் விழுந்ததும் ஹெலன் என்னைத் தனியே அழைத்து, இவர் எத்தனை வருடமாகப் பேசாமலிருக்கிறார் என்று தணிந்த குரலில் கேட்டார்.

இன்று காலையிலிருந்துதான் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். பூக்கடையைக் கடந்தபோது தடியாக ஒரு மல்லிகை மாலை வாங்கி, சூசை அண்ணன் சுதாரிப்பதற்குள் கழுத்தில் போட்டுவிட்டார்.

தெருவில் போகிறவர்களுடைய கண்ணால் பாருங்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாலை, தைல நெடியில் பாதி மூடிய கண்கள். பக்கத்தில் ஒரு பெண் குனிந்து அவர் வாக்கைக் காதில் வாங்குகிறாள். பின்னால் வெள்ளைக்காரப் பக்தர்கள். யார்தான் சும்மா போவார்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு மனிதர் வந்து கும்பிட்டார்.

"சாமி, நாலு நம்பர் ஒண்ணு குடுங்க."

நாலிலக்க லாட்டரிக்கு. சூசை அண்ணன் பயந்துபோய் இரண்டு கைகளையும் விரித்து வேண்டாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நாலு மணிக்கு வேன் வந்துவிடும் என்று நாலு விரலைக் காட்டினார். மனிதர் விடவில்லை. மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் ஐயா என்பது போல சூசை அண்ணன் ஒரு விரலை வானத்துக்குக் காட்டினார். அந்த ஆள் பத்து, நாலு, ஒன்று என்று ஒவ்வொன்றையும் சிகரெட் பெட்டியில் எழுதிக்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் கேட்க வேண்டுமா. பலசரக்குக் கடையிலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள், தையல்காரர், நகைக்கடை வாசலில் இருந்த காவலாளி என்று எல்லாரும் பின்னால் வரத் தொடங்கினார்கள். அந்த எண் விழவில்லை. சாமி சரியாகத்தான் கொடுத்தது, தலைகீழாக வாங்கியிருக்க வேண்டும் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

இந்த ஊர்வலம் குவீன் ஸ்திரீட்டில் திரும்பியபோது எதிரே மேரி அக்கா. சூசை அண்ணனின் மனைவி, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவர். கையில் மீனும் கீரையுமாகக் கூடை.

"என்னாங்க இது. நேத்து சப்பரம் தூக்குனீங்க, இன்னைக்கு உங்களையே தூக்கிட்டு வராங்களா."

சூசை அண்ணன் வாயைத் திறந்தார், காற்று வந்தது. "பேசுங்களேன்" என்றார் மேரி அக்கா. அண்ணன் வழக்கம் போல என் காதுக்கு வந்தார். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்னு சொல்லு."

அன்று முழுக்கப் பழகிய வாய். மேரி அக்காவிடம் தமிழில் சொல்ல வேண்டியதை, கூட்டத்தைப் பார்த்து உரக்க, தெளிவான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் வீட்டுக்குப் போன பிறகு பேசிக்கொள்ளலாம் என்கிறார்.

ஹெலன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீடு என்று அவர் புரிந்துகொண்டது ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியை அல்ல என்று எனக்குத் தெரிந்தது. மேரி அக்கா எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். கணவர் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றிக் கீரைக்கு மேல் வைத்துக்கொண்டார். "மாதா படத்துக்காச்சும் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

அந்தக் கூட்டம் நேரத்துக்குத் திரும்பியது. ஊர் போனதும் மாறி மாறிப் பாராட்டு எழுதினார்கள். அவர்கள் சொல்லி இன்னும் கூட்டங்கள் வந்தன, எல்லாரும் கேட்டது பேசாத வழிகாட்டியை. ஹமீது முதலாளி சூசை அண்ணனை அழைத்து, "இனிமே வாயத் தொறக்காதீங்க. அது போதும்" என்றார். சம்பளம்கூட ஏறியது.

ஒரு வாரத்தில் குரல் திரும்பிவிட்டது. ஆனால் அவர் பேசவில்லை. என் காதில் ஊதுவார், நான் சொல்வேன். வட்டிக்கடையைச் சரியாகச் சொன்னால் ஆட்கள் முகம் வாடியது, வடைக்கடைதான் வேண்டுமென்றார்கள். "வட்டிய வடையாக்கிட்டியே தங்கச்சி" என்று அவர் வருத்தப்படுவார். முதலில் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, போகப் போகச் சிரிப்பு வரவில்லை. ஒரு கடை முன்னால் நிற்கும்போது அவருடைய தொண்டை ஏறி இறங்குவது பக்கத்தில் நிற்கிற எனக்குத்தானே தெரியும்.

அதையெல்லாம் அவர் பேருந்தில் தீர்த்துக்கொண்டார். வெல்ட் கீ பேருந்து நிலையத்தில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார், அன்றைக்குத் தெருவில் சொல்ல முடியாமல் போனது அத்தனையும். கப்பலில் வந்த ஆடு, ஆட்டைத் திருடியவன், அவனுடைய இரண்டு பெண்டாட்டிகள். முன் இருக்கைக்காரர்கள் திரும்பி உட்கார்ந்துகொள்வார்கள். டிக்கெட் கிழிக்கிற சீனர் தமிழ் தெரியாமலே பக்கத்தில் நின்று கேட்பார். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் கதை முடியட்டும் என்று சந்தை வரை வந்து, திரும்பி நடந்து போனவர்கள் உண்டு.

பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்ட சமயம் அது. வாடகை பல மடங்கு ஏறி, கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாகத் தொடங்கின. குவீன் ஸ்திரீட்டில் ஒரு பாத்திரக் கடை முன்னால் எங்கள் கூட்டம் நின்றபோது, கடைக்காரர் அண்டாக்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்ன நடக்கிறது என்று ஒருவர் கேட்டார். நான் வழக்கம் போலக் காதைக் கொடுத்தேன். சூசை அண்ணன் என் தோளைத் தொட்டு மெதுவாக நகர்த்தினார். பிறகு தன்னுடைய ஆங்கிலத்தில், தன்னுடைய குரலில் பேச ஆரம்பித்தார்.

ஊமை பேசுகிறார் என்று இரண்டு பெண்கள் அழுதேவிட்டார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. அந்தக் கடைக்கு முதல் செம்பு எங்கிருந்து வந்தது என்பதில் தொடங்கினார். எங்களைத் தேடி வந்த ஹமீது முதலாளி, கூப்பிடாமல் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டார். கடைக்காரர் ஓர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க அப்பாவப் பத்தி எனக்கே இது தெரியாதுண்ணே" என்றார்.

மறுநாள் முதலாளி, "நல்லாத்தான் இருந்திச்சு சூசை. ஆனா பேசற ஆளு ஊருல நெறைய பேரு இருக்கான் லா" என்றார். "அப்ப அவங்களையே வச்சுக்குங்க முதலாளி" என்று சூசை அண்ணன் எழுந்து கைகொடுத்தார். கோபமில்லை. மூத்த மகளுக்கு அப்போது ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது.

அன்று மாலை கடைசியாக ஒன்றாகப் பேருந்தில் போனோம். கிங் ஸ்திரீட் அரிசிக் கடையின் பக்கச் சுவரில், மாடி உயரத்தில், படியே இல்லாமல் ஒரு கதவு இருக்கிறதே, கவனித்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அதைத் திறந்து ஒருத்தி வெளியே காலெடுத்து வைத்த கதையைத் தொடங்கினார். அவள் ஒரு காலைத் தூக்கியபோது எங்கள் நிறுத்தம் வந்துவிட்டது. மழை வேறு. "மிச்சத்தக் கோயில்ல பாக்கிறப்ப சொல்றேன்" என்று குடைக்குள் ஓடினார்.

கல்யாண வேலைகளுக்கிடையில் மிச்சத்தைக் கேட்க வாய்க்கவில்லை, அடுத்த மாதம் எனக்குக் கல்யாணமாகி ஈப்போவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து குடியேறியபோது சூசை அண்ணன் உயிரோடு இல்லை, மேரி அக்காவும் இல்லை. பாத்திரக் கடை இருந்த இடத்தில் காப்பிக் கடை. டிக்கெட் கிழிக்கிற ஆள் பேருந்தில் கிடையாது, குளிர்சாதனம் இருக்கிறது, எல்லாரும் கைபேசியைப் பார்க்கிறார்கள். போன வாரம் அந்தக் கூட்டம் கடந்து போன பிறகு, பல்வலியோடு கிங் ஸ்திரீட்வரை நடந்தேன். அரிசிக் கடை இப்போது தங்கும் விடுதி. பக்கச் சுவரை வழவழவென்று பூசி வெள்ளையடித்திருக்கிறார்கள். கதவு எந்த இடத்தில் இருந்தது என்று வாசலில் நின்ற பணியாளரிடம் கேட்டேன். கதவு இதோ இருக்கிறதே, வாருங்கள் அக்கா என்று திறந்து விட்டார்.