தபசுகாலத்துக் கீரை

என் கணவருக்கு நாற்பது நாள் கீரை ஆக்கிப் போட்டேன். அதை யாரும் குற்றம் என்று என்னிடம் சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் விதி என்று சொல்லி வாயடைத்துவிட்டார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

ஐம்பதுகளின் பிற்பாதி. இராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் விஞ்ச் ஓட்டினார். ஒருநாள் கப்பலிலிருந்து இறங்கிய மூட்டைக்கட்டு நழுவி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு இரண்டு மாதம் படுத்திருந்தார். கட்டைப் பிரித்ததும் கால் வீங்க ஆரம்பித்தது. ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறது, அது கழன்று நெஞ்சுக்குப் போனால் ஆளே போய்விடுவார் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார். அது குறைந்தால் ரத்தம் கட்டும், கூடினால் கசியும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்த்து அளவு சொல்வார். பொங்கலுக்குள் அளவு சரியாக நின்றுவிட்டது.

பிறகு விபூதிப் புதன் வந்தது, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கியது. தபசுகாலத்தில் இறைச்சியை விடுவது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் பக்கத்தில் கறி எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதை விடுவதில் என்ன தவம்? மீனை விடுவதுதான் எங்களுக்குத் தவம். நோயாளிகளுக்கு ஒருசந்தி விரதம் கட்டாயமில்லை என்று கோயில் சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். என் காதில் அது ஏறவில்லை. என் வீட்டுக்காரர் கால் குணமாக வேண்டுமென்று மாதாவிடம் நேர்ந்துகொண்டு, ஈஸ்டர் வரை வீட்டில் மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது என்று அறிவித்துவிட்டேன்.

"எனக்காவ நேந்துக்கினியா? அப்ப எனுக்கு வச்ச கீரையயும் நீயே துன்னுடு," என்று சிரித்தார். மீன் வாடை இல்லாமல் சோறு இறங்காத மனிதர். ஆனாலும் சாப்பிட்டார்.

ஒருநாள் முருங்கைக்கீரை, ஒருநாள் அரைக்கீரை, ஒருநாள் சிறுகீரை. காலடிப்பேட்டையிலிருந்து கூடையில் கொண்டுவரும் அம்மாள் எங்கள் வாசலில்தான் முதலில் இறக்குவாள். படுத்துக் கிடந்த உடம்புக்குக் கீரை நல்லது, ரத்தம் ஊறும் என்று அவள் சொல்வாள். நான் அவர் தட்டில் மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாக வைப்பேன்.

அடுத்த முறை போனபோது ரத்தம் சீக்கிரமே உறைந்துவிட்டது. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?" என்றார். சாப்பிடுகிறார் என்றேன். "சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

நோயாளியை ஒருசந்தியில் போட்டாயா என்று திட்டுவாரோ என்ற பயம். அதைவிட, நேர்ச்சை பாதியில் முறிந்துவிடுமே என்ற பயம். மாதாவுக்காகச் சொல்கிற பொய்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டினார். அடுத்த முறையும் ரத்தம் சீக்கிரமே உறைந்தது. இந்தத் தடவை அவரையே உள்ளே கூப்பிட்டு, "மாத்திரையைத் தூக்கி எறிஞ்சுடறீங்களா?" என்று கேட்டார்.

"மெய்யாலுமே முழுங்கறேன் சார்."

டாக்டர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. எப்போதோ காய்ச்சல் மருந்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்தவர்தானே. பஸ்ஸில் எல்லோர் எதிரிலும் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாய்யா, உசுரு மேல ஆசயில்லியா உனுக்கு?"

"முழுங்கிக்கினுதாம்மே கீறேன். சொன்னா நம்ப மாட்டியா?"

மறுநாள் முதல் மாத்திரையை நானே வாயில் போட்டேன். தண்ணீர் குடித்தபின் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். குழாயடிக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். துறைமுகத்தில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கியவர், நான் சொன்னபடி வாயைத் திறந்து காட்டினார்.

டாக்டர் அந்தத் தடவையும் அளவைக் கூட்டியிருந்தார். ஈஸ்டர் நெருங்கும்போது, குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம், ரத்தம் சரியான கணக்குக்கு வந்துவிட்டது. இனி மூன்று வாரம் கழித்து வந்தால் போதும் என்றார். "பாத்தியா, நான் நின்னு குடுத்தப்புறந்தான் அடங்குச்சு," என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஈஸ்டர் அன்று கறிக்குழம்பும் வஞ்சிரம் வறுவலும் செய்தேன். அதற்குப் பிறகு கீரைக்காரியை நான் கூப்பிடவேயில்லை. பச்சையைப் பார்த்தாலே எல்லோருக்கும் அலுத்திருந்தது. மாத்திரை மட்டும் அதே அளவில் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது என்றார். அழுத்தித் தேய்த்தால் வரத்தான் செய்யும் என்றேன். கையில் இரண்டு இடத்தில் நீலம் கட்டியிருந்தது. எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பார் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் காலை மாத்திரையோடு போனபோது கையைத் தடுத்தார்.

"இன்னிக்கு வோணாம்மே. இன்னாவோ மாரி கீது."

"ஆரம்பிச்சிட்டியா?" என்றேன். விழுங்க வைத்தேன். நாக்கையும் பார்த்தேன்.

மறுநாள் தலைவலி என்று எழுந்தவர் வாந்தியெடுத்து முற்றத்தில் சாய்ந்தார். ரிக்‌ஷாவில் என் மடியில் தலையை வைத்துக் கொண்டுபோனேன். வலது கை அசையவில்லை.

அதே டாக்டர். அதே கேள்வியை மறுபடி கேட்டார். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். கீரையில் இருக்கும் ஒரு சத்து இந்த மாத்திரையை வேலை செய்யவிடாது. தெரியாமல் கீரைக்கு எதிராகத்தான் அவர் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். கீரை நின்றுபோனது, கூட்டிய அளவு மட்டும் அப்படியே தொடர்ந்ததால் மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது. "இப்ப நான் போடற ஊசியே அந்தச் சத்துதாம்மா," என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஊசி போட்ட பிறகு என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. நாக்குக் குழறினாலும் பேசினார். கட்டிலருகே நின்று, நான் டாக்டரிடம் பொய் சொன்னதைச் சொன்னேன். கீரையைச் சொன்னேன். எல்லாம் என்னால்தான் என்று சொல்லி அழுதேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் ஒயுங்காதான் முழுங்குனேன். இப்பவாவது நம்புறியா?"

நம்புகிறேன் என்றேன்.

"டாக்டராண்டயும் சொல்லிடு," என்றார்.

டாக்டர் வேறு வார்டில் இருந்தார். தேடிப் போய், என் வீட்டுக்காரர் ஒரு மாத்திரைகூட எறியவில்லை சார் என்று சொன்னேன். தெரியும்மா என்றார். கட்டிலுக்குத் திரும்பி வந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது; அது பிறகு திரும்பவேயில்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்று காதருகே குனிந்து இரண்டு மூன்று தடவை சொன்னேன். கேட்டதாகத் தெரியவில்லை.