கிணற்றடி வகுப்பும் இறைப்பு முறையும்

பிள்ளைகளே, உங்கள் அம்மா கிணற்றடியில் இருந்து பள்ளிக்கூடம் நடத்திய கதையை நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறீர்கள். மூத்தவன் சொல்வது பாதி சரி. சின்னவள் அப்போது பால் குடிக்கிற குழந்தை. அவள் சொல்வதெல்லாம் மூத்தவன் சொல்லிக் கொடுத்தது. அதனால் நானே எழுதி வைக்கிறேன். நான் மேசன். கல் வைக்கிற மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாகத்தான் எனக்கு எழுத வரும்.

அது பெற்றோலும் டீசலும் இல்லாமற் போன காலம். அம்மா படிப்பித்த பள்ளிக்கூடம் தொண்டைமானாற்றுப் பக்கம். நாங்கள் இருப்பது உடுவிலில். பஸ் மாறி மாறிப் போகவேண்டும். பஸ் எப்போது வரும் என்று பஸ்காரருக்கே தெரியாது. எங்கள் மோட்டார் சைக்கிள் வேலியோடு சாத்திக் கிடந்தது, அதன் சீற்றில் கோழி படுத்தது. அந்த நேரத்தில்தான், தூரத்து ஆசிரியர்கள் கொஞ்சக் காலத்துக்கு வீட்டில் இருந்தே போனில் வகுப்பு எடுக்கலாம் என்று ஓர் ஒழுங்கு வந்தது.

அந்த ஒழுங்கு நிரந்தரமில்லை. பள்ளிக்கூடத்து அதிபர் இடையிடையே தானும் வகுப்பில் சேர்ந்து கேட்பார். பாடம் சரியாக நடந்தால் அடுத்த கிழமைக்கும் விடுவார். நடக்காவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டியதுதான். அப்படியென்றால் அம்மா அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமைகளில்தான் வீட்டுக்கு வரலாம். சின்னவளை விட்டுப் போனால் பால் இல்லை. கொண்டு போனால் அங்கே பார்க்க ஆள் இல்லை. எப்படிப் பார்த்தாலும் வகுப்பு பிசகாமல் நடக்கவேண்டும்.

வீட்டுக்குள் சிக்னல் இல்லை. விறாந்தையில் வந்து வந்து போகும். அம்மா போனைத் தூக்கிப் பிடித்தபடி வளவு முழுக்க நடந்து, கடைசியில் தோட்டத்துக் கிணற்றடியில், இறைப்பு மிசின் வைக்கிற கொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இஞ்சாருங்கோ! இஞ்சை எல்லாக் கோடும் நிக்குது!"

நான் சந்தோசமாகச் சீமெந்துக் கல்லுகளைத் தூக்கி வந்தேன். சாந்து ஒன்றும் வைக்கவில்லை, அவசரத்துக்கு அடுக்கினதுதான். அம்மாவின் முகத்துக்கு நேரே போன் நிற்க ஒரு மேடை, இருக்க ஓர் இருக்கை, மேலே வெயிலுக்கு இரண்டு தென்னோலைக் கிடுகு. அன்று கிணற்றடி கோயில் மாதிரி அமைதி. ஏன் அமைதி என்று நான் யோசிக்கவில்லை.

அந்தக் கிணறு மூன்று பேருக்குச் சமபங்கு. இறைப்பும் முறை வைத்துத்தான். ஒரு நாள் நாங்கள், மறுநாள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா, அதற்கடுத்த நாள் வெளிநாட்டில் இருக்கிற பங்காளி. அவர் போய்க் கனகாலம். அவருடைய முறையில் கிணறு சும்மா இருக்கும். நான் கல் அடுக்கியது அவருடைய நாளில்.

எங்கள் நாளில் நான் மிசினைத் தொடவில்லை, வகுப்பு நன்றாகப் போனது. மறுநாள் எட்டு மணிக்கு அம்மா "வணக்கம் பிள்ளையள்" என்று சொல்லி வாய் மூடவில்லை, பெரியப்பா கயிற்றை இழுத்து மிசினைக் கிளப்பிவிட்டார். மண்ணெண்ணெய் மிசின். அதன் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தன் பேச்சே கேட்காது. அம்மா தொண்டை கிழியக் கத்தினார். அன்றைக்கென்று அதிபரும் கேட்டுக்கொண்டிருந்தார். மிசின் நின்றதும் அவரிடமிருந்து போன் வந்தது.

"ரீச்சர், உங்கடை வீட்டிலை என்ன, அரிசி ஆலையோ?"

"இல்லை சேர், தோட்டம் இறைக்கினம்."

"எனக்கு விளங்குது. ஆனால் பிள்ளையளுக்கு ஒண்டும் விளங்கேல்லையே. வாற கிழமையும் இப்பிடியெண்டால் நீங்கள் இஞ்சை வரத்தான் வேணும். குறை நினைக்காதையுங்கோ."

அவர் சொன்னது நியாயம். அம்மா பயணப் பையை எடுத்துக் கட்டிலில் வைத்து, இரண்டு சேலையை மடித்து உள்ளே வைத்தார்.

"உதை அலுமாரியிலை திருப்பி வையும். நான் அண்ணையோடை கதைக்கிறன்" என்றேன்.

"முறையைப் போய்க் கேக்கப் போறியளோ? சண்டைதான் வரும்."

"முறையைக் கேக்க எனக்கென்ன விசரே? நான் கேக்கிறது வேறை."

பெரியப்பா மிசினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா மேசன். கிணத்தடியிலை பள்ளிக்கூடம் கட்டிறியாம். அடிக்கல் நாட்ட என்னைக் கூப்பிடேல்லை?"

"பகிடியை விடுங்கோ அண்ணை. எட்டு மணிக்கு மிசின் போடாமல் விட ஏலுமோ?"

"ஏலாது. முறை முறைதான். உன்ரை கொப்பரும் என்ரை அப்பரும் இருந்து கதைச்சு வைச்சது."

"அந்த வெளிநாட்டாற்றை நாளிலை இறையுங்கோவன். அவர் என்ன, வந்து பாக்கப் போறாரே?"

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆள் இல்லாத நேரம் அவன்ரை முறையிலை கை வைக்கிறதோ? நாளைக்கு வந்து கேட்டால் நான் என்ன முகத்தோடை நிக்கிறது?"

அவர் அப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதவு பூட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"அப்ப உங்கடை நாளிலையே இறையுங்கோ. விடிய அஞ்சு மணிக்குத் தொடங்கினால் எட்டுக்கு முதல் முடியும்."

"ஆர் தண்ணி மாறுறது? நான் மிசினடியிலை நிக்க, வாய்க்காலை வெட்டிப் பாத்தி பாத்தியாத் தண்ணி விட ஆள் வேணும். கூலிக்காரன் சைக்கிள் மிதிச்சு வந்து சேர எட்டாகும்."

"நான் மாறுறன்."

"நீயோ?" பெரியப்பா சிரித்தார். "உது வெங்காயம், மேசன். சீமெந்துக் கலவையில்லை. தண்ணி கூடினால் பழுதாப் போம்."

"கலவைக்கும் தண்ணி கூடினால் பழுதுதான் அண்ணை. எனக்குத் தெரியாததே?"

அவர் துணியை உதறித் தோளில் போட்டார். "கூலிக்காரனுக்குப் புல்லுப் பிடுங்கக் கிடக்கு, அவன்ரை கூலியிலை நான் கை வைக்கேல்லை. நீ அஞ்சுக்கு வா. உனக்காண்டியில்லை, அந்தச் சின்னனுக்காண்டி. பிந்தினியோ, மிசின் எட்டுக்குத்தான்."

நான் பிந்தவில்லை. அவருடைய முறை வந்த நாளெல்லாம் மண்வெட்டியோடு போய் நின்றேன். முதல் நாள் ஒரு பாத்தி நிரம்ப மறு பாத்தியைத் திறக்கிற இடத்தில் கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டேன். மிசினடியில் இருந்து பெரியப்பா கத்தினார்: "மேசன், மட்டம் பாக்கிறியோ? தண்ணி தானே மட்டம் பாக்கும், நீ மறி!"

மறித்தேன். எட்டு மணிக்கு முதல் மிசின் நின்றது. அம்மா சின்னவளுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து மேடைக்கு முன்னால் இருந்தார். நான் கால் கழுவிக்கொண்டு நின்றேன். பெரியப்பாவும் கூலிக்காரனும் வெங்காயத்துக்குள் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கினார்கள்.

அன்று ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு. பிள்ளைகளுக்குத் தெரிந்ததில் இருந்து சொல்லவேண்டும் என்பது அம்மாவின் வழக்கம்.

"கவனியுங்கோ பிள்ளையள். ஒரு கிணறு, மூண்டு பேருக்குச் சமபங்கு. அதிலை ஒருத்தர் தன்ரை பங்கிலை பாதியைத் தம்பிக்குக் குடுக்கிறார். அவர் குடுத்தது முழுக் கிணத்திலை எத்தினை பங்கு?"

வெங்காயத்துக்குள் இருந்து பெரியப்பா எழும்பினார்.

"தம்பிக்கோ? ஒரு சொட்டும் குடுக்கேலாது! வேணுமெண்டால் அவனைக் கோட்டிலை வழக்குப் போடச் சொல்லும் பிள்ளை!"

போனுக்குள் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "ரீச்சர், அது ஆர்?" என்று ஒரு பெடிச்சி கேட்டாள்.

அம்மா அசையவில்லை. "அவர்தான் மூண்டிலை ஒரு பங்கின்ரை சொந்தக்காரர். குடுக்கமாட்டாராம். குடுத்தால் எவ்வளவு எண்டு நீங்கள் சொல்லுங்கோ, பாப்பம்."

"ஆறிலை ஒண்டு!" என்று பல குரல்கள் ஒன்றாக வந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு பெரிய ஆளின் குரலும் வந்தது. அதிபர்.

"ரீச்சர், அந்த ஐயாட்டைச் சொல்லுங்கோ, கணக்குக்கு மட்டும்தான் கேக்கிறம், அவற்றை பங்கு அவரிட்டையே இருக்கட்டும் எண்டு. இண்டைக்கு எல்லாப் பிள்ளையளும் கதைக்குதுகள். வாற கிழமையும் வீட்டிலை இருந்தே எடுங்கோ. பஸ் ஒழுங்கா ஓடட்டும், பிறகு பாப்பம்."

அம்மா அந்தப் பையை அன்றைக்கே அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டார். மூத்தவன் சொல்கிற மாதிரி அம்மா பெரியப்பாவோடு சண்டை பிடித்து மிசினை நிறுத்தவில்லை. யாரும் யாருக்கும் முறையை விட்டுக் கொடுக்கவும் இல்லை. பஸ் திரும்ப ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் அந்த வகுப்பு அந்த இடத்திலேயே நடந்தது. அதற்குள் சின்னவள் சோறு தின்னப் பழகிவிட்டாள்.

அம்மா திரும்பப் பள்ளிக்கூடம் போன முதல் நாள், மூத்தவனைப் பள்ளியிலும் சின்னவளைச் சின்னம்மா வீட்டிலும் விட்டுவிட்டு வந்து, நான் கிணற்றடிக்குப் போனேன். வெளிநாட்டாரின் முறை, அங்கே ஒருவரும் இல்லை. அடுக்கின கல்லை எடுத்து வேறு வேலைக்குக் கொண்டுபோகத்தான் போனேன். சைக்கிளில் வைத்துக் கட்டக் கயிறும் கொண்டு போயிருந்தேன்.

கல்லைத் தூக்க மனம் வரவில்லை. கயிற்றைக் கொட்டில் ஆணியில் கொழுவிவிட்டு, வீட்டில் பை அடியில் மிஞ்சிக் கிடந்த சீமெந்தை எடுத்து வந்து கட்டி நீக்கி அரித்தேன். வாளியால் அள்ள முறை தேவையில்லை. ஒரு வாளி தண்ணீர் அள்ளி, மணலும் சேர்த்துக் குழைத்தேன். கல்லை ஒவ்வொன்றாக இறக்கி, சாந்து வைத்து, நூல் பிடித்து, இருந்தபடியே திரும்பக் கட்டினேன். போன் நிற்கிற இடத்தைக் கரண்டியால் மழமழவென்று இழுத்துவிட்டு, காய்ந்து வெடிக்காமல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன்.