குழாயம்மாவின் பதினான்கு தாழ்ப்பாள்கள்

தாழ்ப்பாளை மூன்று முறை ஆட்டிப் பார்க்கிறார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, கடைசியில் கதவையே பிய்த்துவிடுவதுபோல. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கக் கழிப்பறை அது. கடைக்காரர் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார். அதற்குள் குனிந்து நுழைந்து, ஒரு வார்த்தை பேசாமல் நேரே பின்னால் போய்விட்டார் குழாயம்மா. தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கிறது. பிறகு குரல்.

"சோப்பு தேஞ்சு காகிதமாட்டம் இருக்கு. மாத்துங்க. நாளைக்கு வந்து பார்ப்பேன்."

"நீங்க வராம இருந்தாத்தான் அதிசயம்" என்கிறார் கடைக்காரர், கண்ணாடியைத் துடைத்தபடி.

கடைத்தெருவின் நடுவில் குழாய், வாஷர், ஃபிளஷ் டாங்க் விற்கும் கடை குழாயம்மாவுடையது. வயது ஐம்பத்தாறு. குட்டையான உருவம், எட்டிப் போடும் நடை. தோள்பையில் ஸ்க்ரூடிரைவரும் ஓர் உபரித் தாழ்ப்பாளும் எப்போதும் இருக்கும், சீப்பு இருக்காது. யார் வீட்டுக்குப் போனாலும் கை கழுவும் இடம் எங்கே என்று முதலில் கேட்பார். கழுவ அல்ல, பார்க்க. திரும்பி வரும்போது அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு முடிவோடு வருவார். அந்த முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

பேருந்து நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை ஒரு மைல் நீளம் எங்கள் கடைத்தெரு. பொதுக் கழிப்பறை ஒன்று இருந்தது. அதைப் பூட்டி ஆறு வருடம் ஆகிறது. குழாயம்மா நான்கு மனு கொடுத்தார். ஐந்தாவதை எழுத உட்கார்ந்தவர், பேனாவை மூடிவிட்டுக் கடை கடையாக நடக்கத் தொடங்கினார். கேட்டது ஒன்றுதான்: உங்கள் கடைக் கழிப்பறையைத் தெருவில் போகிறவர்களுக்கும் விடுங்கள். குழாய், தாழ்ப்பாள், ரிப்பேர் எல்லாம் என் பொறுப்பு. ஒப்புக்கொண்ட கடையின் கண்ணாடியில் ஒரு நீல ஸ்டிக்கர் ஒட்டுவார்: 'உள்ளே வரலாம். எதுவும் வாங்க வேண்டியதில்லை.'

"ஒண்ணும் வாங்காம போயிடுவாங்களேம்மா" என்று இழுத்தார் கடிகாரக் கடைக்காரர்.

"அவசரத்துல இருக்கிறவன் கடிகாரமா வாங்குவான்? முதல்ல போயிட்டு வரட்டும். அப்புறம் நிதானமா மணி பார்ப்பான்."

இப்படிப் பதினான்கு கடைகள் சேர்ந்தன. முடிதிருத்துகிறவர் தன் பங்குக்கு ஒரு நல்ல கண்ணாடி மாட்டினார். புத்தகக் கடைக்காரர் ஆர்வக்கோளாறில் உள்ளே பத்திரிகைகளை அடுக்கிவைக்க, குழாயம்மா மறுநாளே அள்ளிக்கொண்டு வந்து மேஜைமேல் போட்டார். "உள்ள போனவர் தொடர்கதை முடிச்சுட்டுத்தான் வர்றார். வெளியில மூணு பேர் நிக்கிறாங்க."

தாழ்ப்பாள் விஷயத்தில் மட்டும் அவருக்கு விளையாட்டு கிடையாது. "தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூம் பாத்ரூமே இல்ல. அது நாடக மேடை" என்பார். வெளியிடங்களில் கதவைச் சாத்திய பிறகும் ஒரு காலால் அழுத்திக்கொள்வாராம். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "இருபது வயசுல ஒரு தடவை தொறந்துடுச்சு அக்கா. அதுக்கு மேல கேக்காதீங்க."

அந்தப் பதினான்கில் படி ஏறாமல் போகக்கூடியது ஒன்றுதான்: ஜவுளிக்கடையில் இருப்பது. அதை நம்பித்தான் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வீட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கியிருந்தார். காலை நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பக்கவாதத்துக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்கிறார். இரண்டு வருடம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஸ்டிக்கர் வந்த மாதத்திலிருந்து தினமும் முடிதிருத்தகத்து பெஞ்சுக்கு வந்து செஸ் ஆடினார். நன்றாகத் தோற்றார், நன்றாகச் சண்டை போட்டார். பசி வந்துவிட்டது, தூக்கம் வந்துவிட்டது.

பிறகு மழைக்காலம் வந்தது. ஜவுளிக்கடைக் கதவு ஊறிப் பெருத்தது. தள்ளுபடி விற்பனை நாளன்று முதலாளியே உள்ளே போனார். குழாயம்மா போட்ட கனத்த தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது. கடையில் பாட்டு அலறிக்கொண்டிருந்ததால் அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து ஆசாரி வந்து கதவைக் கழற்றினார். அன்று மாலையே ஸ்டிக்கர் கிழிந்தது.

"மாட்டிக்கிட்டதுகூடப் பரவாயில்ல" என்று முதலாளி எல்லோரிடமும் புலம்பினார். "அந்த நாற்பது நிமிஷத்துலதான் அன்னைக்கு வியாபாரம் அமோகம்னு மருமக சொல்றா பாருங்க, அதைத்தான் தாங்க முடியல."

தபால்காரர் மறுநாள் சட்டையே மாற்றவில்லை. "எனக்குத் தைரியம் இருக்கும்மா. தூரம்தான் இல்ல. நடுத்தெருவுல மானம் போறதுக்கு வீட்டுலயே கிடக்கலாம்." பதினோரு நாள் அப்படியே போயிற்று. சாப்பாடு பாதியாகக் குறைந்தது. நான் குழாயம்மாவிடம் போனேன்.

"என் தாழ்ப்பாள்ல ஒரு குறையும் இல்ல. அவர் அழுத்திப் போட்டிருப்பார்" என்றார் வாஷர்களைப் பிரித்தபடி.

"வெளியிலிருந்து திறக்க முடியாத கதவுக்குப் பின்னால் நான் எந்த நோயாளியையும் விட்டதில்லைம்மா. அன்றைக்கு உள்ளே தபால்காரர் விழுந்து கிடந்திருந்தால்?"

"வெளியிலேருந்து தொறக்கலாம்னா அப்புறம் அதுக்குப் பேரு தாழ்ப்பாளா?" குரல் உயர்ந்தது. பிறகு அடங்கியது. கையிலிருந்த வாஷரைத் தப்பான டப்பாவில் போட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் அவர் கடை திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் ஒரு மூட்டையோடு ஜவுளிக்கடைக்குப் போனார். நானும் போனேன்.

"அண்ணா, தப்பு என்னோடது."

"பாட்டுச் சத்தத்துல சரியா கேக்கல, இன்னொரு தடவை சொல்லும்மா."

"தப்பு என்னோடதுன்னேன்!"

"மாமா, எழுதி வாங்கி வெச்சுக்கோங்க" என்றாள் கல்லாவிலிருந்து மருமகள்.

குழாயம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆசாரி ஏற்கனவே இழைத்திருந்த கதவில் புதுத் தாழ்ப்பாளைப் பொருத்தினார். உள்ளே திருகும் குமிழ். வெளியே ஒரு காசு நுழையும் அளவுக்குப் பிளவு. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து காசை வைத்துத் திருப்பித் திறக்கலாம். பதினான்கு கடைக்கும் இதுதான் இனி என்றார்.

முதலாளி தள்ளியே நின்றார். "போன தடவையும் இப்படித்தான் சொன்ன. நான் மறுபடி உள்ள போக மாட்டேன். நீ போ. நான் வெளியிலேருந்து தொறக்குறேன். தொறந்துச்சுன்னா ஸ்டிக்கரை என் கையாலயே ஒட்டுறேன். தபால்காரரும் நாளைக்கே வரட்டும்."

குழாயம்மா கதவைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். பாட்டை நிறுத்தச் சொன்னார், மருமகள் நிறுத்தினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். குமிழ் திரும்பும் சத்தம் கேட்டது. கதவை ஒரு கால் அழுத்தும் சத்தமும் கேட்டது.

பிறகு அந்தக் கால் விலகியது. கதவுக்கு அடியிலிருந்து, இரண்டு விரல் தள்ள, ஒரு காசு வெளியே வந்தது.