மங்களம் இல்லாத ஜாஸ்

பூந்தமல்லியில் நான் கிளாரினெட் பழகிய சங்கீதப் பள்ளியின் சுவரில் காவி எழுத்தில் ஒரு சட்டம் எழுதியிருக்கும்: "பள்ளி வாத்தியத்தை வைத்திருப்பவர் மூன்று வருஷத்துக்குள் சபையின் முன் ஒரு உருப்படியையாவது தொடங்கி முடித்திருக்க வேண்டும். தவறினால் விஜயதசமியன்று வாத்தியம் வேறொருவருக்கு."

அது யுத்த காலம். அந்த வருஷ விஜயதசமியோடு எனக்கு மூன்று வருஷம் பூர்த்தியாகவிருந்தது. நான் தொடங்கியதுண்டு, முடித்ததில்லை. சபை என்பதைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

"வேறொருவர்" யார் என்பதும் ஊருக்கே தெரியும். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தின் அக்காள் மகன். முப்பது வயது, கறுப்புக் குடை, வேலை எதுவும் இல்லை. ஞாயிறுதோறும் பள்ளிக்கு வந்து என் கிளாரினெட்டைப் பார்த்துவிட்டுப் போவான். சொத்துள்ள கிழவரை நலம் விசாரிக்க வரும் பங்காளியின் பார்வை அது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கொரட்டூரில் குடியிருந்தேன். சாயங்காலங்களில் ஏரிக்கரையில் உட்கார்ந்து வாசிப்பேன். முதல் ஸ்வரத்திலேயே கொக்குகள் எழுந்து அக்கரைக்குப் போய்விடும். மூன்றாவது மாதத்திலிருந்து நான் பெட்டியைத் திறந்தாலே போயின. பறவைகளுக்கு ஞாபகசக்தி குறைவு என்று சொன்ன ஒரு கனமான புத்தகத்தை அன்றோடு நம்புவதை விட்டேன்.

இருந்தாலும் கீழ் ஸ்தாயியில் ஒரே ஒரு ஸ்வரம் எனக்கு நன்றாக வரும். பகலெல்லாம் ஆவடி ராணுவ டிப்போவில் உட்கார்ந்து, "கண்டுகொள்ளப்பட்டது" என்று எழுதி அடியில் கோடு போடும் குமாஸ்தாவுக்கு, அந்த ஒரு ஸ்வரம் நெஞ்சுக்கூடு அதிர வெளியே வரும்போது, தான் குமாஸ்தா இல்லை, வேறு யாரோ என்று தோன்றும். அதைப் போய்க் குடைக்காரனுக்குத் தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை.

வாத்தியார் பழைய ரெஜிமெண்ட் பேண்டில் இருந்து, பிறகு கல்யாண ஊர்வலங்களில் வாசித்து முடி நரைத்தவர். அந்த அனுபவத்தால் அவருடைய பாடமுறை தலைகீழ். சரளி வரிசைக்கும் முன்னால் மங்களத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

"மழ வரும், சண்ட வரும், மாப்பிள்ளைக்கு வாந்தி வரும். எந்நேரமும் முடிக்கத் தெரிஞ்சிருக்கணும். ஆரம்பிக்கிறதுக்கு ஆயிரம் பேரு கீறான்" என்பார்.

மற்றவர்கள் மங்களத்தில் ஆரம்பித்து மேலே போனார்கள். நான் அதிலேயே தங்கிவிட்டேன்.

இந்த நிலையில்தான் எனக்கு ஜாஸ் தட்டுப்பட்டது. டிப்போ முகாமில் ஏழு வெள்ளைக்காரச் சோல்ஜர்கள் சாயங்காலம் காண்டீனுக்கு வெளியே உட்கார்ந்து அதை வாசிப்பார்கள். ஒரு நாள் நின்று கேட்டேன். ஆளுக்கொன்றாக வாசித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. திடீரென்று எல்லாரும் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, ஒருவரையொருவர் முதுகில் தட்டிக்கொண்டார்கள். இந்தச் சங்கீதத்தில் தப்பு வாசித்தால் பிரம்மாவுக்கும் தெரியாது என்று முடிவுகட்டினேன். என் வாழ்க்கையில் நான் கட்டிய தப்பான முடிவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவ்வளவு சந்தோஷமாக வேறெதையும் கட்டியதில்லை. இவர்களைப் பள்ளிக்கு அழைத்து வந்து ஒரு நாள் முழுக்க வாசிக்க வைத்து, அந்தச் சத்தத்துக்கு நடுவில் நானும் உட்கார்ந்து ஊதிவிட்டால் தீர்ந்தது. சபையும் ஆச்சு, உருப்படியும் ஆச்சு.

வாத்தியாரிடம் போய் ஒருநாள் ஜாஸ் திருவிழா என்றேன்.

"ராகம் உண்டா?"

"ஒரு மாதிரி உண்டுங்க ஐயா."

"தாளம்?"

"அது நிச்சயம் உண்டுங்க. எங்க இருக்குன்னு மட்டும் சொல்லமாட்டாங்க."

வெள்ளைக்காரன் தன் பள்ளியில் வந்து வாசிப்பான் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. தலையை ஆட்டினார். "சரி. மங்களம் யாரு?"

விவரம் தெரிந்தவன் போல நான் சிரித்தேன். "ஜாஸுல மங்களமெல்லாம் கிடையாதுங்க ஐயா. நாகரிகமான சங்கீதம். முடிஞ்சா முடிஞ்சுது."

"அப்டியா நைனா" என்றார். அவர் என்னை "டேய்" என்றால் பிரியம். "நைனா" என்றால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். நான் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் சோல்ஜர்களோடு ஒத்திகை. கோஷ்டித் தலைவரான சார்ஜெண்ட் ட்ரம்பெட் வாசிப்பவர். சிவந்த, நல்ல மனிதர். என்னை இரண்டு நிமிஷம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒன்றரை நிமிஷத்தில் என் தோளில் கை வைத்தார். காற்றில் பறக்காமல் இசைக் காகிதங்களைப் பிடித்துக்கொள்ள நம்பகமான ஒரு ஆள் இல்லாமல் இத்தனை நாள் தாங்கள் பட்ட கஷ்டத்தை விவரித்தார். ஜாஸிலும் தப்பு தெரியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

திருவிழா விஜயதசமிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அழைப்பெல்லாம் கொடுத்தாகிவிட்டது, நிறுத்த முடியாது. நானே மூட்டிய அடுப்பில் என் கிளாரினெட் வேகப்போகிறது.

பள்ளி வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். வேலப்பன்சாவடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். முன்வரிசை நடுவில் கர்ணம், பக்கத்தில் குடையுடன் அக்காள் மகன். காலையில் ரயில்வே காலனியிலிருந்து வந்த நாலு ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர்கள் வாசித்துவிட்டுச் சாப்பாட்டுக்குமேல் கிளம்பிப் போனார்கள். பிற்பகல் சோல்ஜர்கள். நான் கிளாரினெட் பெட்டியைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, மேடை ஓரத்தில் நின்று காகிதங்களைப் பிடித்தேன். அதை நன்றாகவே செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

சபை இருநூறு பேர் இருக்கும். கேள்வி ஞானத்தில் சளைத்தவர்கள் இல்லை. ஆளுக்கொரு தாளத்தைத் தொடையில் போட்டார்கள். நாலைந்து தாளங்கள் தனித்தனியாகப் போய், எங்கோ ஓரிடத்தில் தற்செயலாகச் சந்தித்தபோது எல்லாரும் சேர்ந்து தலையாட்டினார்கள். சார்ஜெண்டுக்குப் புல்லரித்துவிட்டது.

பிறகு டிரம்ஸ்காரன் தனியாக வாசிக்க ஆரம்பித்தான். பாதிச் சபை எழுந்தது. தனி ஆவர்த்தனம் என்றால் எழுந்து போய்த் தொண்டையை நனைத்துக்கொண்டு வருவது நம் பரம்பரைச் சொத்து. மிருதங்கக்காரர்களே கோபித்துக்கொள்வதை விட்டுப் பல காலமாகிறது. டிரம்ஸ்காரன் முகம் மட்டும் விழுந்துவிட்டது. பெரிய வித்வான்களுக்கே இங்கே இந்த மரியாதைதான் என்று அவன் காதில் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

பந்தல் ஓரத்தில் கடை போட்டிருந்த சோடாக்கடை பாய் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "அண்ணாத்தே, இந்த ஆளு இன்னும் கொஞ்ச நேரம் தட்டுவாரா? நல்லா தட்றாரு. சோடா பறக்குது."

சாயங்காலம் நாலரை மணிக்குக் கடைசி உருப்படி. பெரிய சத்தத்தோடு முடித்து, ஏழு பேரும் வரிசையாக நின்று குனிந்தார்கள். ஐந்தரைக்கு லாரி புறப்பட்டு ஆறு மணிக்குள் முகாம் கேட்டைத் தாண்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் ஏழு பேருக்கும் காவல் அறை. நிறைய நேரம் இருந்தது.

சபை அசையவில்லை.

கையைக் கட்டிக்கொண்டு, மேடையைப் பார்த்தபடி மரியாதையாக உட்கார்ந்திருந்தது. சார்ஜெண்ட் கண் கலங்கி, இன்னும் ஒன்று வாசித்தார். குனிந்தார்கள். சபை உட்கார்ந்திருந்தது. இன்னும் ஒன்று. லண்டனில்கூட இப்படி ஒரு ரசிகர் கூட்டத்தைப் பார்த்ததில்லை என்று என்னிடம் தழுதழுத்தார். ஐந்து மணிக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. கிறிஸ்துமஸ் பாட்டு வாசித்தார்கள். குழந்தைகளைத் தூங்க வைக்கும் பாட்டு வாசித்தார்கள். ஐந்தே காலுக்கு லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். அதையும் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டு சபை தலையாட்டியது.

பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இன்னா நைனா இது? சோடா தீந்து அர மணி நேரமாவுது. நான் கடய கட்டிக்கினு தொழுகைக்குப் போவணும். இவங்க எப்ப எந்திரிப்பாங்க?"

நான் குனிந்து, கர்ணத்தின் பக்கம் போய் மெதுவாகக் கேட்டேன். "ஐயா, கச்சேரி முடிஞ்சிடுச்சிங்களே."

"முடிஞ்சிடுச்சா? மங்களம் ஆவலயேப்பா" என்றார் கர்ணம். "மங்களம் ஆவாம எந்திரிச்சிப் போனா ஊட்டுக்கு ஆவுமா? எனக்கு மட்டும் ஆசையா? முதுகு உட்டுப் போச்சு. மூணு மணிலேந்து வேற ஒரு அவசரமும் கீது. சீக்கிரம் முடிக்கச் சொல்லு, புண்ணியமாப் போவும்."

தனிக்கு எழுந்து போகலாம். மங்களத்துக்கு முன்னால் போகக்கூடாது. எந்தச் சாஸ்திரத்திலும் இது எழுதியிருப்பதாகத் தெரியவில்லை. முதுகெலும்பில் எழுதியிருக்கிறது. அந்தப் பந்தலில் எழுந்து போக ஆசைப்படாதவர் ஒருவரும் இல்லை. எழுந்து போகக்கூடியவரும் ஒருவர் இல்லை.

வாத்தியார் கடைசித் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஓடினேன்.

"ஐயா, நீங்க ஒரு மங்களம் வாசிச்சுடுங்க. இல்லாட்டி இவங்களை உள்ள போட்டுடுவாங்க."

"ஜாஸுல மங்களம் கிடையாதாமே? நாகரிகமான சங்கீதமாமே?"

"புத்தி கெட்டுச் சொல்லிட்டேன் ஐயா."

"திருவிழா வச்சது யாரு? நீ. அப்ப முடிக்கிறதும் நீ தான்." வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "என் கையில வாத்தியம் இல்ல நைனா. உன் கையில கீது. இன்னும் மூணு நாளைக்கி."

மேடை ஏறினேன். ஏழு பேரையும் ஓரமாக நிற்கச் சொன்னேன். கிளாரினெட்டை வாயில் வைத்தபோது, கழுத்தை நெரித்த வாத்து ஒன்று முதலில் வெளியே வந்தது. அதற்குப் பின்னாலேயே மங்களம் வந்தது. கோணலாகத்தான், ஆனால் மங்களம் என்பதில் சந்தேகமில்லை.

முதல் அடியிலேயே கர்ணம் துள்ளி எழுந்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வேலி மறைவை நோக்கி வேகமாக நடந்தார். அவ்வளவுதான். இருநூறு பேரும் ஒரே மூச்சில் எழுந்தார்கள். வேட்டி உதறும் சத்தத்தில் என் வாசிப்பு எனக்கே கேட்கவில்லை. கொக்குகள் ஞாபகம் வந்தது. இரண்டாவது அடியில் பாய் பெட்டியைத் தலையில் தூக்கினார். மூன்றாவது அடியில் பந்தல் காலி.

அப்போதுதான் சுவரிலிருந்த சட்டம் நினைவுக்கு வந்தது. சபையின் முன் தொடங்கி முடிக்க வேண்டும். தொடங்கிய இடத்தில் சபை இருந்தது. முடிக்கும் இடத்தில் இராது. குடைக்காரன் மட்டும் பந்தல் வாசலில் நின்று பல்லைக் காட்டினான். நான் நிறுத்துவதற்காகக் காத்திருந்தான். நிறுத்தினால் என்ன, நிறுத்தாவிட்டால் என்ன என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாசித்தேன். கடைசி அடி அந்தக் கீழ் ஸ்தாயியில் போய் இறங்குகிறது. எனக்கு வருகிற ஒரே ஸ்வரம். அது வந்தது.

கண்ணைத் திறந்தேன். மேடை ஓரத்தில் ஏழு சோல்ஜர்களும் குதிகால் சேர்த்து, மார்பை நிமிர்த்தி, கல்லாக நின்றிருந்தார்கள். லாரி டிரைவரும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றிருந்தான். அவர்கள் ஊர் வழக்கத்தில் ஆட்டம் முடிந்ததும் ராஜாவின் கீதம் வரும், ஜனங்கள் எழுவார்கள், அது முடியும்வரை ஒரு இமைகூட அசையக்கூடாது. ஒரு வாத்தியம் வாசித்ததும் இருநூறு பேர் எழுந்ததைப் பார்த்துவிட்டு, அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

மூன்று வருஷம் தேடிய சபை. எட்டு பேர். அசைய முடியாத எட்டு பேர். மணி ஐந்து முப்பத்தொன்று என்பது எனக்குத் தெரியும். மனசாட்சி உள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். நான் கடைசி அடியை இன்னும் இரண்டு தடவை வாசித்தேன்.

முடித்ததும் சார்ஜெண்ட் ஓடிக்கொண்டே என் கையைக் குலுக்கி, உங்கள் தேசத்துக் கீதம் உருக்கமாக இருந்தது என்று சொல்லிவிட்டு லாரியில் தாவினார். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் எருமைகளைச் சிதறடித்துக்கொண்டு லாரி பறந்ததாகவும், கேட்டின் குறுக்குக் கட்டை இறங்குவதற்குள் உள்ளே புகுந்ததாகவும் மறுநாள் டிப்போவில் கேள்விப்பட்டேன். நமக்கென்று ஒரு கீதம் வருவதற்குச் சில வருஷம் முன்பே வெள்ளைக்கார ராணுவத்தை அதற்கு அட்டென்ஷனில் நிற்க வைத்தவன் என்ற பெருமையை எந்தச் சரித்திர ஆசிரியரும் எனக்குத் தரவில்லை.

கர்ணம் நிம்மதியான முகத்தோடு வேலி மறைவிலிருந்து திரும்பினார். அக்காள் மகன் அவர் காதில் ஏதோ சொன்னான்.

"வாத்தியாரே, இது எப்படிச் செல்லும்?" என்றார் கர்ணம். "சபைதான் எந்திரிச்சிப் போயிடுச்சே."

"சபைன்னா எத்தினி பேருன்னு செவுத்துல எழுதலியே" என்றார் வாத்தியார். "எட்டுப் பேரு நின்னுகினு கேட்டான். உன் அக்கா மவன் வாசிச்சா எட்டுப் பேரு குந்திகினாவது கேப்பானா?"

"மங்களத்தைப் போய் உருப்படின்னு சொல்லலாமா?"

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். என் கையிலிருந்து கிளாரினெட்டை வாங்கி, ஊதுவாயில் இருந்த ரீடைத் தடவிப் பார்த்து, தோளிலிருந்த துண்டால் எச்சிலைத் துடைத்தார். "இந்தத் தபா சொல்லலாம்" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

விஜயதசமியன்று போனபோது, சுவரில் சட்டத்துக்குக் கீழே ஈரம் காயாத ஒரு புது வரி இருந்தது: "மங்களம் உருப்படியில் சேராது." அக்காள் மகனுக்கு டோலக்கு கொடுத்திருந்தார்கள். அவன் குடையோடு அந்த வரியைப் படித்துக்கொண்டு நின்றான். நான் கிளாரினெட்டோடு சைக்கிளை மிதித்து, நேராகக் கொரட்டூர் ஏரிக்கரைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

கொக்குகள் எழுந்து போயின.