கழுத்து வழியே இறங்கிய கண்ணி

துறைமுகத்தில் அவரைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபதடி உயரத்தில், கிரேன் கூண்டுக்குள் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவர். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். ஒன்றுக்குப் போக இறங்க வேண்டுமே என்று தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். சொன்னால் கேட்கிற ஆளா?

காலில் ரத்தம் கட்டியது. அதில் ஒரு துணுக்கு நெஞ்சுக்கு ஏறி, மூச்சுவிட முடியாமல் விழுந்தார். ரத்தத்தை இளக்க மருந்து கொடுத்தால் வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தது. கொடுத்தாலும் வினை, கொடுக்காவிட்டாலும் வினை. கடைசியில் டாக்டர், வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக் குழாயில் குடைக்கம்பி போல ஒரு சல்லடையை வைத்தார். காலிலிருந்து கட்டி ஏதாவது கிளம்பினால் அதில் சிக்கிக்கொள்ளும்.

"புண் ஆறட்டும். மூணு மாசத்துல வாங்க, எடுத்துடலாம்."

புண் ஆறியது. மருந்தும் ஒத்துக்கொண்டது. மனைவிதான் ஒரே பிடியாக நின்றாள்.

"காவலுக்கு நிக்கறவனை யாராவது வெரட்டுவாங்களா? அது பாட்டுக்கு கெடக்கட்டும்."

அவருக்கும் ஊசி என்றால் பயம். தலையாட்டிவிட்டார்.

இரண்டு வருஷம் போயிற்று. கம்பெனி அவரைக் கீழே, சாமான் கிடங்கில் உட்காரவைத்திருந்தது. "உள்ள இருக்கறதை எடுத்தாச்சுன்னு சீட்டு கொண்டா, அப்புறம் ஏறு" என்றார்கள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். விழித்தபடி படுத்திருந்தவருக்குப் பக்கத்துத் திரையில் எல்லாம் தெரிந்தது. சல்லடையின் தலையில் ஒரு சின்னக் கொக்கி. கழுத்து வழியாக இறக்கிய கம்பிக் கண்ணியை அதில் மாட்டி இழுக்க வேண்டும். அட, இது நம்ம வேலையாச்சே!

"டாக்டர், கொஞ்சம் எடப்பக்கம்... இன்னும் கீழ... ம், இப்ப மாட்டுங்க."

"அண்ணே, இந்தக் கிரேனை நான் ஓட்டறேன். நீங்க ஆடாம படுங்க."

ஒரு மணி நேரமாகியும் கண்ணி வழுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷத்தில் சல்லடை சாய்ந்து, கொக்கி குழாயின் சுவருக்குள் புதைந்துபோயிருந்தது. ஒரு தடவை கவ்வியது. டாக்டர் இழுத்தார். சல்லடையோடு குழாயும் சேர்ந்து மேலே எழும்பியது. அடியில் சிக்கிக்கொண்ட சரக்கை முரட்டுத்தனமாக இழுத்தால் என்ன ஆகும் என்று கிரேன் ஓட்டியவருக்குத் தெரியாதா?

"விட்டுடுங்க டாக்டர். கிழிஞ்சிடும்."

டாக்டர் கம்பியை வெளியே எடுத்தார்.

வாசலில் மனைவி எழுந்து வந்தாள். "எடுத்தாச்சா?"

இல்லை என்று கையை விரித்தார்.

"நான்தானே வேணாம்னேன். பாவி, நான்தானே..."

"நானுந்தானே சரின்னேன்."

அது அவள் காதில் ஏறவில்லை.