வைட்டமின் என்று சொல்லி வைத்த மருந்து

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. பிள்ளை பெற்ற பிறகு அது இன்னும் மோசமானது. லிங்கராஜபுரத்து வீட்டில் அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் நடுவே நாளெல்லாம் நடப்பேன். அலமாரி மேல்தட்டில் அந்த சிரப் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பாதி நடை. அதன் லேபிளை, ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே ஆட்டோவில் நகத்தால் சுரண்டி எடுத்திருந்தேன்.

கர்ப்பமான மூன்றாம் மாதம் எல்லாப் பெண்களுக்கும் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பிறகு கணவருக்கும் எடுத்தார்கள், அவருக்கும் இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நாங்கள் போட்ட சண்டையை இங்கே எழுதப் போவதில்லை. அவர் எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றுக்கு கேப் ஓட்டுகிறவர். சண்டை முடிவதற்குள் ட்ரிப் வந்துவிடும். மாத்திரையை ஒரு நாளும் விடாமல் போட்டால் குழந்தைக்குப் பெரும்பாலும் வராது என்றார் ஆஸ்பத்திரி கவுன்சலர். அந்தப் ‘பெரும்பாலும்’ என்னை வாட்டி எடுத்தது. பிறந்ததும் குழந்தைக்கு ஆறு வாரம் சிரப் கொடுக்க வேண்டும், இடையிடையே பரிசோதனை உண்டு, ஒன்றரை வயதில் எடுப்பதுதான் முடிவானது என்றும் சொன்னார். ஒன்றரை வருஷம்! பால் பொங்கும்வரை நிற்கப் பொறுமை இல்லாதவள் நான்.

கணவரின் அண்ணன் குடும்பமும் எங்களோடுதான் இருந்தது. ஒரே அடுப்படி. அண்ணன் மனைவியை அக்கா என்பேன். அவளுக்கும் கைக்குழந்தை, என் மகளுக்குப் பத்து நாள் மூத்த பையன். தெரு முழுக்க எங்கள் சர்ச் ஆட்கள். விஷயம் வெளியே தெரிந்தால் என் மகளை ஒருவரும் தூக்க மாட்டார்கள். அந்தப் பயம்தான் என்னை ஆட்டிப்படைத்தது.

அதனால் யார் கேட்டாலும் சிரப்பை வைட்டமின் என்றேன். அதோடு விட்டேனா? “சூப்பர் வைட்டமின், குழந்த சட்டுனு தேறிடும்” என்று அளந்தும் விட்டேன். அந்த வாய்க்கொழுப்புதான் வினையானது.

எவ்வளவு மீதம் என்று பாட்டிலில் பேனாவால் கோடு போடுவது என் வழக்கம். நான்காவது வாரம் ஒருநாள், மருந்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. கணவர் தான் தொடவே இல்லை என்றார். மறுநாள் காலை அடுப்படிக்குள் நுழைந்தால், அக்கா தன் பையனை மடியில் கிடத்தி அவன் வாயில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள்.

“கோச்சுக்காதடி. உன் பொண்ணு கொழுகொழுன்னு இருக்கா. இவனப் பாரு, எலும்பும் தோலுமா. உன் வைட்டமின்ல கொஞ்சமா எடுத்தேன்.”

“எத்தன நாளா?”

“நேத்தும் இன்னிக்கும்தான்.”

அடுப்பில் குக்கர் இருந்தது. பாட்டிலை இடம் மாற்றி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். நினைத்தேன்தான், பொய் சொல்ல மாட்டேன். ஒரு விசில் வந்து அடங்கும்வரை அந்த நினைப்பிலேயே நின்றேன். பையன் உதட்டை நக்கினான். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

அக்கா பையனை அள்ளிக்கொண்டு சுவர் ஓரம் போனாள். “என் பிள்ளைக்கு என்னடி குடுத்தே?” என்று கத்தினாள். எடுத்துக் கொடுத்தது அவள்தான், ஆனாலும் கேள்வி நியாயமானது.

“மருந்துல நோய் இல்லக்கா. நோய் வராம இருக்கத்தான் மருந்து.”

ஒரே ஆட்டோவில் போனோம், ஆளுக்கொரு குழந்தையோடு, ஆளுக்கொரு ஓரத்தில். டாக்டரம்மா பையனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏனூ ஆகல்லம்மா” என்றார் கன்னடத்தில். ஒன்றும் ஆகாது, உடம்பில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே கொண்டு வாருங்கள் என்றார். தடிப்பு வரவில்லை. நான்தான் பத்து நாள் அவன் சட்டையை எட்டிப் பார்த்தபடி அலைந்தேன்.

அக்கா யாரிடமும் சொல்லவில்லை, தன் கணவரிடம்கூட. ஆனால் அதன்பின் எங்கள் பேச்சு உப்பு, மோட்டார், கேஸ் சிலிண்டர் அளவில் நின்றுபோனது. என் டம்ளர் தனியாகப் போனது. என் மகள் தவழ்ந்து போய் அவள் புடவையைப் பிடித்தால், மெதுவாக விலக்கிவிட்டு நகர்ந்துவிடுவாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். இடையில் எடுத்த பரிசோதனைகளில் எதுவும் இல்லை என்றே வந்தது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை. வீம்பு.

ஒன்றரை வயதுப் பரிசோதனை நாள் வந்தது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஃபைலை எடுத்தேன், வைத்தேன், தேடினேன். மகள் இடுப்பில் அழுதாள். அக்கா விடுவிடுவென்று வந்து கையை நீட்டினாள்.

“பிள்ளயக் குடு. இந்தப் பதட்டத்துல கீழ போட்டுடுவே.”

“ரிசல்ட் இன்னும் வரலக்கா.”

“தெரியும். நீ ஆட்டோவக் கூப்பிடு.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நடந்துகொண்டே இருந்தேன். அக்கா பெஞ்சில் என் மகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் சீட்டு வந்துவிட்டது. இல்லை. என் மகளுக்கு இல்லை. நான் விக்கி விக்கி அழுதேன். அக்கா சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

“இது மாதிரி உனக்கும் போயிடாதா?” என்று கேட்டாள்.

“போகாதுக்கா. மாத்திரை தினமும் போடணும், ஆயுசுக்கும்.”

அவள் சீட்டை மடித்து என் ஃபைலுக்குள் வைத்தாள்.

அந்த வாரம் புதன்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். பாட்டு முடிந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கையில் என் செல்போனில் எட்டு மணி அலாரம் அடித்தது. நான் பதறி அமுக்கினேன்.

“எட்டாச்சே, மாத்திர போடல?” என்றாள் அக்கா, அத்தனை பேர் முன்னால்.

“என்ன மாத்திரம்மா?” என்றார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி.

“வைட்டமின் ஆன்ட்டி” என்றாள் அக்கா, கொஞ்சமும் தடுமாறாமல். “ஆனா அவளுக்குன்னு டாக்டர் பாத்துக் குடுத்தது. வேற யாரும் எடுக்கக்கூடாது.”

என் தனி டம்ளரைத் தேடாமல், கையில் கிடைத்த டம்ளரில் தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினாள். மறு கையில், இடுப்பில், என் மகள் இருந்தாள்.